கச்சான் விஞ்ஞானியின் கல்லூரி நாட்கள்

1855ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிசூரி மாநிலத்திலே ஒரு விற்பனைச் சீட்டு எழுதப்பெற்றது. மோசஸ் கார்வர் என்னும் குடியானவர், மேரி என்னும் 13 வயதுக் கறுப்பினச் சிறுமியை 700 டொலருக்கு விலைக்கு வாங்கினார் என்பதே அச்சீட்டின் பொருள். மாட்டையும் மண்ணையும் விற்பது போல மனிதரையும் விற்பதற்கு, அடிமைமுறை நிலவிய அம்மாநிலங்களிலே அந்நாளில் சட்டம் இடங்கொடுத்திருந்தது. அந்தச் சிறுமியின் வயிற்றிலே சில ஆண்டுகளின் பின்னர் பிறந்த மைந்தனே ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர்.

கச்சானிலிருந்து நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்து காட்டிய விஞ்ஞானி என்றே கார்வரை உலகம் அறியும். நரைத்த தலையும், சட்டையிலே செருகிய ஒரு மலரும், ஆய்வுக் குழாய்களுமாக விளங்கும் அந்த முதியவரின் உருவமே பலர் மனத்தில் நிலைத்துள்ளது. ஆயினும், இளையோர் நிறைந்த கல்லூரி வகுப்பிலே, முப்பது வயதை அணுகும் பருவத்தில், சலவை செய்து பிழைத்துக்கொண்டு பாடங் கேட்ட மாணாக்கரான கார்வரைச் சிலரே அறிவர். 1890 முதல் 1896 வரையான ஆறு ஆண்டுகள் அவரை உருவாக்கிய ஆண்டுகள். அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளின் வாயில் எவருக்குத் திறந்தது, எவருக்கு மூடியது, திறந்தபின் உள்ளே எந்த ஆசனம் அளிக்கப்பட்டது என்பவற்றையெல்லாம் அவருடைய சரிதம் நமக்குத் துலக்கமாகக் காட்டுகின்றது.

தாயை இழந்த குழந்தை

கார்வர் பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. அடிமைகளின் பிள்ளைகளுக்குச் சாதகமும் இல்லை, பிறப்புப் பதிவும் இல்லை. 1864ஆம் ஆண்டளவில், உள்நாட்டுப் போர் முடிவதற்குச் சற்று முன்னர் அவர் பிறந்திருக்கலாம் என்று கொள்வர். போர்க்காலத்தின் குழப்பத்திலே அடிமைகளைக் களவெடுத்து விற்கும் கூட்டத்தினர் ஓரிரவு அப்பண்ணையுட் புகுந்து, மேரியையும் அவள் கைக்குழந்தையையும் கவர்ந்து சென்றனர். அவர்களைத் தேடி மோசஸ் கார்வர் ஓர் ஆளை அனுப்பினார். சென்றவன் குழந்தையை மாத்திரமே மீட்டு வந்தான். அதற்கு வெகுமதியாக அவனுக்கு ஒரு குதிரை கொடுக்கப்பட்டது. மேரியைப் பற்றிய செய்தி அதன்பின் ஒருநாளும் வரவில்லை. தன் தாயின் முகத்தை அறியாத அப்பிள்ளைக்கு, அவளை விலைக்கு வாங்கிய அந்தச் சீட்டும், அவள் நூல் நூற்ற இராட்டினமுமே பிற்காலத்தில் அவளது நினைவாக எஞ்சின.

போர் முடிந்து அடிமைத்தளை அறுந்தபின், மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜோர்ஜையும் அவன் தமையன் ஜிம்மையும் தம் வீட்டிலேயே வளர்த்தனர். ஜோர்ஜ் அடிக்கடி நோயுறும் மெலிந்த பிள்ளை. வயல்வேலைக்கு உடல் இடங்கொடாமையால் சூசன் அவனுக்குச் சமையல், தையல், துணி வெளுத்தல் ஆகியவற்றைப் பழக்கினாள். எஞ்சிய நேரமெல்லாம் காட்டிலே கழிந்தது. வாடிய செடியை எடுத்து வந்து, மண் மாற்றி, நிழல் மாற்றித் தளிர்க்கச் செய்யும் திறமையைக் கண்ட அயலவர் அவனைச் செடி வைத்தியர் என்றே அழைக்கலாயினர். பின்னாளில் அவன் சோறு தேடிய தொழிலும், பேர் பெற்ற தொழிலும் ஆகிய இரண்டும் அந்தப் பண்ணையிலேயே அவன் கையில் ஏறிவிட்டன எனலாம்.

அயலிலே இருந்த பள்ளிக்கூடம் வெள்ளைப் பிள்ளைகளுக்கு மாத்திரமே உரியதாக இருந்தது. ஆகவே ஏறக்குறைய பதினொரு வயதிலே, சில மைலுக்கு அப்பாலுள்ள நியோஷோ என்னும் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென நடந்த பள்ளியை நாடி ஜோர்ஜ் நடந்து சென்றான். அங்கே அன்ட்ரூ, மரையா வட்கின்ஸ் என்னும் கறுப்பினத் தம்பதியர் அவனை ஏற்றுக்கொண்டனர். மரையா மருத்துவிச்சி, பிறர் துணிகளை வெளுத்தும் பிழைத்தவர். பள்ளி பக்கத்து வளவிலேயே இருந்தது. மதிய இடைவேளையில் வேலி தாண்டி வந்து, துணி துவைக்க உதவிவிட்டு, மீண்டும் வேலி தாண்டி வகுப்புக்குப் போவது அவன் வழக்கமாயிற்று. மரையா கொடுத்த வேதாகமத்தை அவர் தம் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தார்.

மூடிய கதவு

நியோஷோப் பள்ளியின் அறிவு விரைவில் தீர்ந்துவிட்டது. கல்வியை நாடி அவர் கன்சாஸ் மாநிலத்துக்குப் போனார். ஊர் ஊராகச் சமையல்காரராகவும் வெளுப்பவராகவும் உழைத்தவாறே வகுப்புக்களில் ஏறினார். 1879இல் போர்ட் ஸ்கொட் என்னும் நகரிலே, ஒரு கறுப்பின மனிதனை வெள்ளையர் கூட்டமொன்று சிறையிலிருந்து இழுத்துக் கொன்றதை நேரிற் கண்டு, அவ்வூரை விட்டே நீங்கினார். அக்காட்சி முதுமையிலும் அவர் நினைவை விட்டு அகலவில்லை. மினியாபொலிஸ் என்னும் கன்சாஸ் நகரிலே சலவைத் தொழில் நடத்திக்கொண்டு உயர்தரக் கல்வியை முடித்தார். அவ்வூரிலே இன்னொரு ஜோர்ஜ் கார்வர் இருந்தமையால் கடிதங்கள் மாறிப் போயின. அதைத் தவிர்க்கவே தம் பெயரின் நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்தார். அதுவே பின்னர் வாஷிங்டன் என விரிந்தது. 1883இல் தமையன் ஜிம் அம்மை நோயால் இறந்தான். இரத்த உறவென்று சொல்ல அதன்பின் அவருக்கு எவரும் இல்லர்.

1880களின் நடுப்பகுதியில் கன்சாஸ் மாநிலத்து ஹைலண்ட் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். தபாலிலே அனுமதி வந்தது. கையிலிருந்ததைச் செலவழித்துப் பயணஞ் செய்து, கல்லூரித் தலைவர் முன் போய் நின்றார். எழுத்தைப் பார்த்து அனுமதித்தவர் முகத்தைப் பார்த்ததும் மறுத்தார். அக்கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்பதே அவர் கூறிய காரணம். விண்ணப்பத்திலே கண்ட தகுதி ஒன்றும் குறைந்துவிடவில்லை. தோலின் நிறம் ஒன்றே இடையில் வந்து நின்றது.

இந்த அடி அவரைச் சில ஆண்டுகள் கல்வியை விட்டே விலகச் செய்தது. 1886இல் கன்சாஸின் மேற்குப் புல்வெளியிலே 160 ஏக்கர் காணியை அரசாங்கத் திட்டத்தின்கீழ்க் குறித்துக்கொண்டு, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் தாமே வீடு கட்டிக் குடியிருந்தார். மழை பொய்த்தது, பனிப்புயல் வீசியது. இரண்டு ஆண்டுகளின் பின் அக்காணியை விட்டு வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டு, அயோவா மாநிலத்து வின்ரசெற் என்னும் ஊரை அடைந்து, அங்கு விடுதியொன்றிலே சமையல் வேலைக்கு அமர்ந்தார்.

சலவைத் தொட்டியும் தூரிகையும்

வின்ரசெற் தேவாலயத்திலே ஒருநாள் பின்வரிசையிலிருந்து எழுந்த இனிய குரலொன்று பாடற்குழுவில் இருந்த மில்ஹொலண்ட் அம்மையாரின் கவனத்தை ஈர்த்தது. அக்குரலுக்கு உரியவரைத் தம் வீட்டுக்கு அழைக்கச் செய்தார். அவ்வாறு தொடங்கிய நட்பு ஆண்டுக்கணக்கில் கடிதங்களிலே வளர்ந்தது. கார்வரின் ஓவியத் திறனையும் இசைத் திறனையும் கண்ட அக்குடும்பத்தினர், சிம்சன் கல்லூரியிலே சேருமாறு அவரை விடாது வற்புறுத்தினர். ஹைலண்டில் பட்ட காயம் ஆறாதிருந்தபோதிலும், அவர் இறுதியில் இணங்கினார்.

இந்தியனோலா என்னும் சிற்றூரிலே மெதடிஸ்த திருச்சபையார் நடத்திய கலாசாலை சிம்சன். ஆபிரகாம் லிங்கனின் அடக்க ஆராதனையிலே பிரசங்கஞ் செய்த பேராயர் மத்தேயு சிம்சனின் பெயர் தாங்கியது. 1890ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே கார்வர் அங்கு சேர்ந்தார். கட்டணத்தைச் செலுத்தியபின் அவரிடம் மிஞ்சியது 10 சதம். ஐந்து சதத்துக்குச் சோளமாவும் ஐந்து சதத்துக்கு மாட்டுக் கொழுப்பும் வாங்கி, அவற்றைக் கொண்டே ஏறக்குறைய ஒரு வாரத்தைக் கழித்ததாகப் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்.

கைவிடப்பட்ட ஒரு குடிசை தங்குமிடமாயிற்று. கடனாகத் தொட்டிகளும், துணி தேய்க்கும் பலகையும், சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு, மாணவரின் உடைகளை வெளுத்துக் கஞ்சியிட்டு மினுக்கிக் கொடுப்பதாக அறிவித்தார். அறிவிப்புக் காதில் எட்டாத சில நாட்கள் பட்டினியாகவே போயின. பின்னர் மாணவர் துணிமூட்டையோடு வரத் தொடங்கினர். வந்தவர் துணியைப் போட்டுவிட்டுப் போய்விடவில்லை. பெட்டிகளின்மேல் அமர்ந்து, நுரை படிந்த கையோடு அவர் சொல்லும் கதைகளைக் கேட்டிருந்தனர். அவர் வீட்டிலே இருக்கை ஒன்றேனும் இல்லை என்பதைக் கண்டவர்கள், அவர் வகுப்பில் இருந்த வேளை பார்த்து, தம்முள் சேர்த்த பணத்தில் வாங்கிய மேசையையும் கதிரைகளையும் கட்டிலையும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சென்றனர். எவரெவர் கொடுத்தனர் என்று கேட்டபோது எல்லோரும் அறியாதவர் போலவே நடந்துகொண்டனர். சில காலைகளிலே கதவின் கீழ் அரை டொலர் நாணயமோ, இசைக் கச்சேரிக்கான சீட்டோ கிடக்கும். கொடுத்தவர் பெயர் இராது.

ஏழை மாணவர் உழைத்துப் படிப்பது அந்நாளில் மேற்குப்புறக் கல்லூரிகளிலே புதுமையன்று. குடியானவரின் பிள்ளைகள் அடுப்புக்கு விறகு பிளந்தும், உணவு பரிமாறியும், விடுமுறையில் கிராமப் பள்ளிகளிலே கற்பித்தும் தம் கட்டணத்தைத் தேடினர். அவ்வகையிலே கார்வர் மற்றவரோடு ஒத்தவர். நிறத்தினால் மாத்திரம் அவர் தனியர். இருந்தும் தாமும் ஒரு மனிதர் என்ற உண்மையான உணர்வைச் சிம்சனே முதன்முதலில் தமக்கு அளித்தது என்று அவர் பிற்காலத்தில் நன்றியோடு கூறுவதுண்டு.

ஓவிய வகுப்பில் சேர்வது அத்துணை எளிதாக இருக்கவில்லை. ஆசிரியை எற்றா பட் முதலிலே தயங்கினார். சில நாள் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார். ஏற்றபின், அவர் கையின் திறமையை ஐயத்துக்கு இடமின்றி உணர்ந்தார். மலர்களையும் செடிகளையும் கார்வர் தீட்டுவது, செடியின் உள்ளமைப்பை அறிந்த ஒருவர் தீட்டுவது போலிருந்தது. அதுவே ஆசிரியைக்கு வேறொரு சிந்தனையைத் தந்தது. கறுப்பின மனிதர் ஒருவர் ஓவியத்தை நம்பி அந்நாட்டிலே வாழ முடியுமா என்று அவர் கவலைப்பட்டார். அவருடைய தந்தையார் ஜோசப் பட், ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா விவசாயக் கல்லூரியிலே தோட்டக்கலைப் பேராசிரியர். அங்கு சென்று தாவரங்களைப் பயிலுமாறு தம் மாணாக்கருக்கு அவர் ஆலோசனை கூறினார்.

கார்வரின் விருப்பமோ ஓவியத்திலேயே இருந்தது. பாரிசுக்குச் சென்று பயில வேண்டும் என்ற கனவும் இருந்தது. தூரிகையை விட்டு மண்வெட்டியை எடுப்பதென்பது அவருக்கு ஒரு துறவு. ஆனால் தம் இனத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கிலே பிறர் நிலத்தில் உழுது கடனில் மூழ்கியிருப்பதை அவர் எண்ணினார். அவர்களுக்கு ஓவியத்தைக் காட்டிலும் விளையும் மண் அவசரமானது. 1891இல் ஏம்ஸுக்குப் புறப்பட்டார்.

காணியால் எழுந்த கல்லூரி

ஏம்ஸ் கல்லூரியின் தோற்றத்தை அறிந்தாலன்றி அங்கு நிலவிய வாழ்வு விளங்காது. அமெரிக்காவின் பழைய கல்லூரிகள் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்து, குருமாரையும் வழக்கறிஞரையும் ஆக்குவதையே முதன்மையாகக் கொண்டிருந்தன. 1862இல் லிங்கன் கையொப்பமிட்ட மொரில் சட்டம் புதுவகைக் கல்லூரிக்கு வழிகோலிற்று. மத்திய அரசு தன் காணியை மாநிலங்களுக்கு அளித்தது. அதனை விற்று வந்த பணத்தைக் கொண்டு, விவசாயம், இயந்திரத் தொழில், படைப்பயிற்சி ஆகியவற்றையும் கற்பிக்கும் கல்லூரிகள் அமைக்கப்பட்டன. குடியானவரின் மகன் குடியானவனாகவே நின்றும் கற்றவனாகலாம் என்பது அச்சட்டத்தின் உட்கருத்து. அச்சட்டத்தின் பயனை ஏற்க முன்வந்த முதல் மாநிலங்களுள் அயோவாவும் ஒன்று. 1869இல் முறையாகத் தொடங்கிய ஏம்ஸ் கல்லூரி ஆரம்பம் முதலே பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பெண்களின் வாக்குரிமைக்காகப் பின்னாளிலே நாடெங்கும் போராடிய கரி சப்மன் கற், 1880இல் அங்கு பட்டம் பெற்றவர்.

ஆனால் கார்வர் வரும்வரை அக்கல்லூரியில் கறுப்பின மாணவர் ஒருவரேனும் பயின்றதில்லை. சட்டம் அவரைத் தடுக்கவில்லை, வரவேற்கவும் இல்லை. வந்த நாளே இழிசொற்கள் அவர் காதில் விழுந்தன. பொது உணவறையிலே மாணவரோடு அமரக்கூடாது. கீழ்த்தளத்திலே வயல்வேலை ஆட்களோடு உண்ண வேண்டும் என்று ஒழுங்கு செய்யப்பட்டது. வகுப்பில் ஒரே வாங்கிலே இருந்து ஒரே பாடத்தைக் கேட்கலாம். ஒரே மேசையில் இருந்து உண்ணலாகாது. மனிதர் மனத்திலே வேற்றுமை எங்கே வேர் கொண்டிருக்கின்றது என்பதைப் பாடசாலையைக் காட்டிலும் பந்தியே தெளிவாகக் காட்டும் போலும்.

தமக்கு நேர்ந்ததை அவர் இந்தியனோலாவிலிருந்த நண்பர்களுக்கு எழுதினார். அங்கே அவரைத் தம் குடும்பத்தவராகவே நடத்திய லிஸ்ரன் அம்மையார் கடிதத்தைக் கண்டதும், தம் மிகச் சிறந்த உடையையும் தொப்பியையும் அணிந்துகொண்டு ஏம்ஸுக்குப் புகையிரதம் ஏறினார். அன்று முழுவதும் கார்வருடன் கல்லூரி வளவெங்கும் எல்லோருங் காண உலாவினார். உணவு வேளை வந்ததும், ஆசிரியர் மேசைக்கு அழைக்கப்பட்டும் போகாமல், கீழ்த்தளத்துக்குச் சென்று கார்வருக்கு அருகிலேயே அமர்ந்து உண்டார். சொற்பொழிவு ஆற்றவில்லை, முறையீடு எழுதவில்லை. அவர் வந்து சென்ற நாளிலிருந்து தம் நிலை மாறியது என்று கார்வர் நினைவு கூர்ந்துள்ளார். நாளடைவிலே சமபந்தியில் அவருக்கும் இடங் கிடைத்தது.

அந்தப் பந்தியையே அவர் பின்னர் ஒரு வகுப்பாக மாற்றிவிட்டார். உணவுப் பொருளை அதன் விஞ்ஞானப் பெயராலேயே கேட்க வேண்டும் என்பது அவர் மேசையின் விளையாட்டு. உருளைக்கிழங்கு வேண்டியவர் அதன் இலத்தீன் பெயரை அறிந்திருக்க வேண்டும். சீனி வேண்டியவர் அதிலுள்ள காபன், ஐதரசன், ஒட்சிசன் அணுக்களின் கணக்கைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் சீனியில்லாமலே குடிக்க வேண்டியதுதான். கீழ்த்தளத்துக்கு அனுப்பப்பட்டவரின் மேசையிலே இடம் பெறுவதற்கு மாணவர் விரும்பும் நிலை அவ்வாறு உண்டாயிற்று.

ஒரு மாணாக்கரின் நாளாந்தம்

விடுதியிலே அவருக்கு அறை கிடைக்காதபோது, பேராசிரியர் ஜேம்ஸ் வில்சன் தம் காரியாலய அறையையே ஒழித்துக் கொடுத்தார். அவ்வறையில் இருந்துகொண்டு, கார்வர் பரிமாறுபவராகவும், கட்டடங்களையும் செடிவீடுகளையும் பராமரிப்பவராகவும் வேலை பார்த்தார். பிறர் எறிந்த பென்சில் துண்டுகளாலும், பொதி சுற்றிய கடதாசியிலும் பாடக் குறிப்பு எழுதினார் என்பர்.

அக்காலத்துக் கல்லூரி வாழ்வின் துறைகள் எல்லாவற்றிலும் அவர் கைபட்டிருந்தது. மாணவர் சங்கங்களே அன்றைய கல்லூரிகளின் உயிர்நாடி. வாரந்தோறும் கூடி வாதஞ் செய்வதும், கட்டுரை படிப்பதும், கவிதை வாசிப்பதும் அவற்றின் பணி. அத்தகைய வெல்ச் சங்கத்திலே அவர் உறுப்பினர். படைப்பயிற்சி சட்டப்படி நடந்தது. மாணவர் படைப்பிரிவிலே சாதாரணராகச் சேர்ந்து கப்டன் பதவிக்கு உயர்ந்தார். கால்பந்தாட்டம் அந்த ஆண்டுகளிலேதான் மேற்குக் கல்லூரிகளில் வேரூன்றிக்கொண்டிருந்தது. அடிபட்டு வரும் ஆட்டக்காரரின் தசைகளைத் தேய்த்துப் பிடித்து விடுவதில் கார்வரின் நீண்ட விரல்களுக்கு நிகரில்லை என்று அவர்கள் நம்பினர். வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தின் பிரதிநிதியாக விஸ்கொன்சின் மாநிலத்து மாணவர் மகாநாட்டுக்கும் சென்று வந்தார். வில்சனோடு சேர்ந்து செபக்கூட்டமும் நடத்தினார்.

1892இன் முடிவிலே சீடர் ரப்பிட்ஸ் நகரில் அயோவா ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. கார்வரின் ஓவியங்களும் அதற்குத் தகுதி பெற்றிருந்தன. ஆனால் பயணஞ் செய்யப் பணமில்லை. அணிந்து செல்ல நல்ல உடையும் இல்லை. இதை அறிந்த நண்பர்கள், பனிச்சறுக்கு வண்டியொன்றிலே அவரை ஏற்றி, நேரே துணிக்கடையிலே இறக்கினர். உடையும் தொப்பியும் பாதணியும் அளவு பார்த்து வாங்கிக் கொடுத்து, கையிலே புகையிரதச் சீட்டையும் வைத்தனர். அக்கண்காட்சியில் தெரிவான யுக்காச் செடி ஓவியம் 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலும் வைக்கப்பெற்றுப் பாராட்டுரை பெற்றது. தூரிகையைத் துறந்து வந்தவரைத் தூரிகை துறக்கவில்லை.

ஆயினும் அவர் மனத்தை முழுதாக ஆட்கொண்டது தாவரவியல். பேராசிரியர் லூயி பாமல் அவரைப் பூஞ்சண நோய்களின் ஆராய்ச்சியிலே புகுத்தினார். இலையிலே ஒரு புள்ளியைக் கண்டு நோயின் இனத்தைச் சொல்லும் கூர்மை அவருக்கு இயல்பாக இருந்தது. சில பூஞ்சண இனங்களுக்கு விஞ்ஞானிகள் அவர் பெயரையே பின்னர் இட்டனர். மனிதரின் முயற்சியால் தாவரங்கள் மாற்றமடையும் வகையை ஆராய்ந்து கட்டுரை எழுதி, 1894இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அக்கல்லூரியிலே பட்டம் பெற்ற முதற் கறுப்பின மாணவர் அவரே. உடனே ஆசிரியர் குழுவிலும் சேர்க்கப்பட்டு, செடிவீட்டின் பொறுப்பை ஏற்று, 1896இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

இந்த இடத்திலே ஒரு சிறு செய்தி. ஏம்ஸிலே கார்வர் செடி தேடிச் செல்லும்போது, ஆறு வயதளவான சிறுவன் ஒருவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உடன் செல்வான். அக்கல்லூரியிலே பயின்று பின்னர் கற்பித்த ஹென்றி சி. வொலசின் மைந்தன் ஹென்றி ஏ. வொலசே அச்சிறுவன். அறை கொடுத்த வில்சன் 1897 முதல் 1913 வரை அமெரிக்காவின் விவசாய அமைச்சர் ஆனார். தந்தை வொலஸ் 1921இலும், மைந்தன் வொலஸ் 1933இலும் அதே பதவியை ஏற்றனர். மைந்தன் 1941இல் உபசனாதிபதியுமானார். பூவிலே மகரந்தத்தையும் சூலகத்தையும் தமக்கு முதலிற் காட்டித் தந்தவர் கார்வரே என்று அவர் மறவாது கூறிவந்தார். உண்ணும் மேசையில் இடம் மறுக்கப்பட்ட ஒருவரின் அயலிலே, நாட்டின் விவசாயத்தை ஆளப்போகும் மூவர் இருந்தனர் என்பது வரலாற்றின் விநோதமன்றோ.

தெற்கு நோக்கி

ஏம்ஸிலே ஆராய்ச்சி இருந்தது, மதிப்பு இருந்தது, அன்பான ஆசிரியர் இருந்தனர். அங்கேயே இருந்திருந்தால் அமைதியான ஒரு தாவரவியல் அறிஞராகக் கார்வர் வாழ்ந்திருக்கலாம். 1896இல் அலபாமா மாநிலத்திலிருந்து புக்கர் வாஷிங்டன் அனுப்பிய அழைப்பு வந்தது. அடிமையாகப் பிறந்து, 1881இல் டஸ்கீஜி நகரிலே கறுப்பினத்தவருக்கான கலாசாலையை நிறுவியவர் அவர். விவசாயப் பகுதிக்குத் தலைமை தாங்கக் கற்ற மனிதர் ஒருவரை அவர் தேடினார். ஆண்டுச் சம்பளம் 1,000 டொலர். தம் இனத்தவருக்கு உழைப்பதே தம் கல்வியின் பயன் என்று நெடுங்காலம் எண்ணியிருந்த கார்வர், அழைப்பை ஏற்று, ஒக்ரோபர் மாதத்திலே தெற்கே போனார்.

அங்கே ஆராய்ச்சிசாலை இல்லை. குப்பைமேட்டிலே கிடந்த போத்தல்களையும் தகரங்களையும் மாணவரைக்கொண்டு பொறுக்குவித்து, அவற்றையே ஆய்வுக் கருவிகளாக்கினார். நிலமோ ஆண்டாண்டாகப் பருத்தி ஒன்றையே விளைவித்துச் சாரமிழந்திருந்தது. பருத்தி மண்ணின் நைதரசனை உறிஞ்சும். கச்சான், கௌபீ போன்ற அவரையினச் செடிகளோ வேர்முடிச்சுக்களிலே வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கும். ஆகவே பயிரை மாற்றி மாற்றி நடுமாறு குடியானவரை அவர் தூண்டினார். பணங்கொடுத்துப் பசளை வாங்க இயலாதவருக்குக் காட்டு இலைகுழையையும் சேற்றையும் உரமாக்கும் வழி கூறினார். 1906இல், கருவிகள் ஏற்றிய குதிரை வண்டியொன்று டஸ்கீஜியிலிருந்து கிராமங்களுக்குப் புறப்பட்டது. கல்லூரிக்கு வர இயலாதவரிடம் கல்லூரியே சென்றது எனலாம்.

விளைந்த கச்சானையும் வற்றாளைக்கிழங்கையும் என்ன செய்வது என்ற வினா எழுந்தது. அதற்கு விடையாகவே உணவு, சாயம், சவர்க்காரம் முதலிய நூற்றுக்கணக்கான உபயோகங்களை அவர் ஆராய்ந்தார். கச்சானைப் பயிரிடும் முறையையும் 105 வகையாகச் சமைக்கும் முறையையும் கூறும் சிறுநூலை 1916இல் வெளியிட்டார். 1921இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்றின் முன் கச்சானுக்காகப் பேசச் சென்றார். 10 நிமிடமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டக் காட்ட, குழுவினரே நேரத்தை நீட்டிக்கொண்டு போயினர். அன்று முதல் நாடெங்கும் அவர் பெயர் பரவிற்று.

புகழும் உண்மையும்

பரவிய புகழோடு கட்டுக்கதையும் சேர்ந்தது. கச்சான் வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று பலர் எழுதினர். அது உண்மையன்று; அவர் கல்லூரி புகுமுன்னரே, 1884இல், கச்சானை அரைத்துக் களியாக்கும் முறைக்கு வேறொருவர் உரிமம் பெற்றிருந்தார். கார்வர் பெற்ற உரிமங்கள் மூன்றே. அவர் அறிவித்த பொருள்கள் பலவற்றுக்குச் செய்முறைக் குறிப்பை அவர் எழுதி வைக்கவில்லை; அவற்றுள் மிகச் சிலவே வணிகத்துக்கு வந்தன. இவற்றை ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். இதனால் அவர் பெருமை குன்றிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கடனில் அமிழ்ந்திருந்த எளிய குடியானவர் செத்த மண்ணை உயிர்ப்பிக்கவும், தம் வளவில் விளைந்ததைக் கொண்டே பிள்ளைகளுக்கு உணவூட்டவும் கற்பித்ததே அவர் செய்த பெரும்பணி. அதற்கு உரிமம் எதுவும் வேண்டியதில்லை.

திருமணஞ் செய்யாமல், விடுதி அறையொன்றிலே எளிமையாக வாழ்ந்த அவர், 46 ஆண்டுகளுக்கு மேலாக டஸ்கீஜியிலே கழித்தார். சேர்த்த பணத்தை ஆராய்ச்சி நிதியமொன்றுக்கே கொடுத்தார். 1928இல் சிம்சன் கல்லூரி அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1943ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் அவர் மறைந்தார். அதே ஆண்டு அவர் பிறந்த மிசூரிப் பண்ணையை நாட்டின் நினைவிடமாக அரசு அறிவித்தது. கறுப்பின அமெரிக்கர் ஒருவருக்காக அவ்வாறு அமைந்த முதல் நினைவிடம் அதுவே.

கார்வரின் கல்லூரி நாட்களை எண்ணும்போது, அவருக்கு உதவிய நல்லோரை நாம் போற்றுகின்றோம், போற்றவும் வேண்டும். எனினும் மற்றொன்றையும் மறத்தலாகாது. மற்ற மாணவர் சேர்ந்த நாளிலேயே பெற்ற ஆசனத்தைப் பெறுவதற்கு, கார்வர் ஓவியராகவும், பாடகராகவும், கப்டனாகவும், விஞ்ஞானியாகவும் இருக்க வேண்டியிருந்தது. அத்துணைத் திறமையில்லாத, ஆனால் கற்கும் ஆசையுள்ள எத்தனையோ இளைஞர் ஹைலண்டைப் போன்ற வாயில்களிலிருந்து திரும்பியே போயிருப்பர். அவர்களின் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. மேதைக்குக் கதவு திறப்பது எந்தக் கல்லூரிக்கும் பெரிய காரியமன்று. கதவைத் தட்டும் சாதாரணப் பிள்ளைக்கும் அதே கதவு திறக்கின்றதா என்பதைக் கொண்டே அதன் தகுதியை அளத்தல் வேண்டும்.